வாசகர் கேள்வி – பதில்: நிக் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்?

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகன் கட்டியிருக்கிற பெண் கிரேக்க வம்சம். பேத்திக்கு 12 வயது, பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தாவுடைய பெயர், நம்பர், கப்பல், வட ஆற்காடு ஜில்லாவில் அவர் ஊர், எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிட்டது. மருமகள் பக்கம்தான் ஒன்றுமே இல்லை. அவளுடைய கொள்ளுத்தாத்தாவை வீட்டில் எல்லாரும் நிக் என்றுதான் சொல்கிறார்கள். முதல் உலகப் போருக்கு முன்னால் தென் ஆப்பிரிக்காவுக்கு வந்தாராம், டர்பனில் இறங்கினாராம், ஜோஹன்னஸ்பர்க்கில் கஃபே வைத்திருந்தாராம், 1950-களில் காலமானாராம். சொந்த ஊர் லெம்னோஸ் தீவு என்கிறார்கள், ஆனால் ஒரு பழைய காகிதத்தில் துருக்கி என்று இருக்கிறது. கப்பல் பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்கிறாள் மருமகள். எங்கே தேடுவது?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, கப்பலில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். அவர் கண்ணை மூடிய நாளில் இருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள். கப்பல் கடைசியில்தான் கிடைக்கும், சில குடும்பங்களுக்குக் கிடைக்காமலே போகும். அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் மருமகள் நடுவிலேயே மனம் விட்டுப்போவாள்.

உங்கள் வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா ஒரே நாளில் கிடைத்தாரே, அதற்குக் காரணம் அவரை வெள்ளைக்காரன் மதித்தது இல்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேருடன் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கிற நேட்டால் காலனிக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் எங்கே தழும்பு, எங்கே மச்சம், எல்லாம் எழுதினார்கள். தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்துக்கொண்டு வர வேண்டும், அதற்குத்தான் அந்தத் தழும்புக் கணக்கு. என் அப்பாவின் தாத்தாவுக்கு இடது கன்னத்தில் வெட்டுத் தழும்பு என்று எழுதியிருந்ததைப் படித்த அன்று நான் அந்த மேசையிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் போட்டோ கிடையாது, எங்களிடம் இருக்கிற ஒரே முக அடையாளம் அந்த ஒரு வரிதான்.

நிக் தாத்தா கதை வேறு. அவர் தன் காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினார். அவரை எந்த முதலாளிக்கும் ஒப்படைக்க வேண்டியதில்லை, அதனால் அவர் முகத்தையோ தழும்பையோ எழுதிவைக்க யாருக்கும் அவசியம் வரவில்லை. இந்த நாட்டுத் துறைமுகங்களில் இறங்கிய தனிப் பயணிகளுக்கு, நம் ஒப்பந்தப் பட்டியல் மாதிரி தலைமுதல் கால்வரை முழுமையான பதிவேடு இல்லை. அந்தக் காலத்தில் டர்பனில் நேட்டால் மெர்க்குரி பத்திரிகை வந்த கப்பல், போன கப்பல் விவரத்தைப் போடும், பயணிகள் பெயரும் போடும். ஆனால் பெரும்பாலும் மேல் வகுப்புப் பயணிகளின் பெயர்தான் இருக்கும், மூன்றாம் வகுப்பில் வந்தவர்கள் இத்தனை பேர் என்று ஒரு எண்ணோடு முடிந்துவிடும். நிக் மூன்றாம் வகுப்பில்தான் வந்திருப்பார்.

சரி, எங்கே போவது? ஜோஹன்னஸ்பர்க்கில் 1950-களில் காலமானார் என்றால் அவருடைய சொத்துக் கோப்பு பிரிட்டோரியா ஆவணக் காப்பகத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஜோஹன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தின் சொத்துக் கோப்புகள் எம்.எச்.ஜி. என்ற குறியீட்டில் இருக்கும், நேட்டால் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எம்.எஸ்.சி.இ. என்ற குறியீட்டில். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் குடும்பப் பெயர் போட்டுத் தேடலாம். அங்கே கோப்பின் எண் மட்டும்தான் வரும், கோப்பைப் பார்க்க நேரில் போக வேண்டும் அல்லது நகல் கேட்டு எழுத வேண்டும். வம்சாவளி தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்திலும் பழைய சொத்துக் கோப்புகள் கொஞ்சம் படமாக ஏற்றியிருக்கிறார்கள், காசு கேட்க மாட்டார்கள், முதலில் அங்கே பார்த்துவிடுங்கள்.

அந்தக் கோப்பில் நீங்கள் தேட வேண்டியது டெத் நோட்டீஸ் என்கிற படிவம். ஆஸ்பத்திரி கொடுக்கிற மரணச் சான்றிதழோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குடும்பத்தில் ஒருவர் அதிகாரியிடம் எழுதிக் கொடுப்பது இது. இறந்தவரின் முழுப் பெயர், பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், வயது, தொழில், மனைவி யார், பிள்ளைகள் யார் யார், விட்டுப்போன சொத்து என்ன, எல்லாம் ஒரே தாளில் இருக்கும். கீழே கையெழுத்துப் போட்டவர் யார் என்று பாருங்கள், அது ரொம்ப முக்கியம். மனைவியோ மூத்த மகனோ எழுதியிருந்தால் ஊர்ப் பெயரை நம்பலாம். கடைப் பங்காளியோ வக்கீலின் குமாஸ்தாவோ எழுதியிருந்தால் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "தெரியாது" என்றோ, ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே "கிரீஸ்" என்றோ இருக்கும்.

அடுத்து குடியுரிமை கேட்டு அவர் போட்ட விண்ணப்பம். துருக்கிப் பிரஜையாகவோ கிரேக்கப் பிரஜையாகவோ வந்தவர் இங்கே கடை வைத்து நிலைத்துவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் பிரிட்டிஷ் பிரஜையாக விண்ணப்பித்திருப்பார். 1910-க்கு முன்னால் என்றால் அந்தந்தக் காலனியின் செயலகக் கோப்புகளில் தேட வேண்டும், அப்புறம் என்றால் தென் ஆப்பிரிக்க யூனியன் அரசின் உள்துறைக் கோப்புகளில், அவையும் பிரிட்டோரியாவில். எவ்வளவு காலமாக இந்த நாட்டில் இருக்கிறார், எங்கெங்கே குடியிருந்தார், யார் இவரை நல்லவர் என்று சொல்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். சில கோப்புகளில் வந்திறங்கிய தேதியும் துறைமுகமும் இருக்கும். கப்பலை நெருங்குகிற வழி இதுதான். மாதமும் துறைமுகமும் தெரிந்துவிட்டால், பழைய பத்திரிகையில் அந்த மாதத்துக் கப்பல் செய்திகளை மட்டும் பார்த்தால் போதும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டர்பனில் இறங்கினார் என்று வீட்டில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் 1886-ல் தங்கம் கிடைத்ததும் உலகமே அங்கே ஓடியது. டிரான்ஸ்வாலுக்குக் கிட்டத்தில் இருந்த துறைமுகம் போர்த்துக்கீசியர் வசம் இருந்த லோரன்சோ மார்க்ஸ், இன்றைய மபூட்டோ. அங்கிருந்து பிரிட்டோரியாவுக்கு ரயில் 1895-ல் திறந்தாயிற்று. கிழக்குக் கரையோரமாக வருகிற கப்பல் டர்பனைத் தொடும் முன்பே லோரன்சோ மார்க்ஸைத் தொட்டுவிடும், அங்கேயே இறங்கி ரயில் பிடித்தவர்கள் நிறைய. சிலர் அங்கேயே தங்கியும் விட்டார்கள். 1966-ல் பிரதமர் ஃபெர்வூர்ட்டைக் குத்திக் கொன்ற டிமிட்ரி சஃபெண்டாஸ், லோரன்சோ மார்க்ஸில் 1918-ல் பிறந்தவர், அப்பா கிரீட் தீவுக்காரர், அம்மா மொசாம்பிக் பெண். எதற்குச் சொல்கிறேன் என்றால், கிரேக்கக் குடும்பங்களின் தடம் டர்பனோடும் கேப் டவுனோடும் நின்றுவிடுவதில்லை.

கிழக்குக் கரை வழி என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கிரேக்கத் தீவுகளிலிருந்து இந்தப் பக்கம் வர எகிப்தின் அலெக்சாண்ட்ரியா, போர்ட் செய்த் துறைமுகங்கள்தான் வாசல். அலெக்சாண்ட்ரியாவில் அப்போது பெரிய கிரேக்கச் சமூகம் இருந்தது. லெம்னோஸ்காரர்களும் எகிப்துக்குப் போய் வேலை பார்த்தவர்கள்தான். மாமா கடையில் ரெண்டு வருஷம் இருந்து கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு அப்புறம் தெற்கே கப்பல் ஏறுவது நடந்திருக்கிறது. 1890-ல் தொடங்கிய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் ஹாம்பர்க்கில் கிளம்பி, நேப்பிள்ஸ், போர்ட் செய்த், ஏடன், மொம்பாசா, சான்சிபார், பெய்ரா, லோரன்சோ மார்க்ஸ் என்று தொட்டுத் தொட்டு டர்பன் வரும். இன்னொரு வழி இங்கிலாந்து போய் சவுத்தாம்ப்டனில் யூனியன் காசில் கப்பலில் ஏறி கேப் டவுனில் இறங்குவது.

அப்படி இங்கிலாந்து வழியாக வந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பிரிட்டனிலிருந்து தூரதேசம் கிளம்பியவர்களின் பட்டியல் 1890 முதல் 1960 வரை லண்டன் கியூவில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, இணையத்திலும் தேடலாம். ஹாம்பர்க் பட்டியலும் 1850 முதல் 1934 வரை உண்டு, ஆனால் அது ஹாம்பர்க்கில் கிளம்பியவர்களின் பட்டியல். நடுவழியில் போர்ட் செய்தில் ஏறிய பையனை அதில் தேடி நாளை வீணாக்காதீர்கள்.

துருக்கி விஷயம் சுலபம். லெம்னோஸ் தீவு 1912 அக்டோபர் வரை ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது, முதல் பால்கன் போரில்தான் கிரேக்கக் கடற்படை அதைப் பிடித்தது. அதற்கு முன் கிளம்பியவர் கையில் இருந்தது ஒட்டோமான் காகிதம், அதனால் அதிகாரி துருக்கி என்றே எழுதுவார். வீட்டில் பேசியது கிரேக்கம், கும்பிட்டது ஆர்த்தடாக்ஸ் கோயில். இரண்டும் உண்மை, யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் காகிதம் உங்களுக்கு ஒரு துப்பும் கொடுக்கிறது: துருக்கி என்று இருந்தால் அவர் 1912-க்கு முன்பே ஊரை விட்டிருக்கலாம். சைப்ரஸ்காரர் என்றால் 1878 முதல் பிரிட்டிஷ் நிர்வாகம், ரோட்ஸ் தீவுக்காரர் என்றால் 1912-லிருந்து இத்தாலிய ஆட்சி. கிரேக்கக் குடும்பம் ஒன்று கிரீஸ் என்ற வார்த்தையே இல்லாத காகிதத்தோடு வருவது ரொம்ப சகஜம்.

இறங்கும் இடத்தில் என்ன கேட்டார்கள் தெரியுமா? நேட்டாலில் 1897-ல் ஒரு குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வந்திறங்குகிறவர் ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்தில் தன் கையால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தியர் என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இல்லை, ஆனால் சொந்தக் காசில் வருகிற இந்திய வியாபாரிகளைத் தடுக்கத்தான் அது வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கிரேக்க எழுத்து ஐரோப்பிய எழுத்து. லெம்னோஸில் நாலு வகுப்புப் படித்த பையன் தன் தாய்மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கரையேறலாம். தேவாரமும் கணக்கும் தமிழில் படித்த ஒரு கடைக்காரர் தன் தாய்மொழியில் எழுதினால் செல்லாது. ஒரே துறைமுகம், ஒரே மேசை. உங்கள் பேத்தி குடும்ப மரம் வரைகிறபோது இதையும் அவளுக்குச் சொல்லுங்கள் அம்மா, 12 வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

அதற்காகக் கிரேக்கர்களைக் கொண்டாடினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1930-ல் வந்த கோட்டாச் சட்டம் கிழக்கு ஐரோப்பா முதலான பல நாடுகளிலிருந்து வருகிறவர்களை, ஒரு நாட்டிலிருந்து ஆண்டுக்கு 50 பேர் என்று குறுக்கியது, கிரீஸும் அதில் அடக்கம். முக்கியமாக யூதர்களைத் தடுக்க வந்த சட்டம், கிரேக்கர்களையும் சேர்த்து அடித்தது. அதனால் யாராவது 1930-க்குப் பிறகு வந்தார் என்று சொன்னால் அவருடைய அனுமதிக் கோப்பைத் தேடுங்கள். இத்தனை குறைவானவர்களை விட்டார்கள் என்றால் காகிதம் கூடுதலாகவே இருக்கும்.

இப்போது பெயர். நிக் என்பது கடை வாசலில் நிற்கிறவர்கள் கூப்பிட்ட பெயர், முழுப் பெயர் நிக்கோலாவோஸ். குடும்பப் பெயரை என்ன பாடுபடுத்தியிருப்பார்கள் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருஷ்ணன் கிஸ்டன் ஆனார், முனிசாமி மன்சாமி ஆனார், கவுண்டர் கௌண்டன் ஆனார். அங்கே பாப்படோபுலோஸ் என்கிற நீளப் பெயர் பாப்பாஸ் என்று சுருங்கும். குடும்பப் பெயரின் வால் ஊரைக் காட்டும் என்பார்கள், ஓரளவுக்கு நம்பலாம்: ஆகிஸ் என்று முடிந்தால் கிரீட், புலோஸ் என்றால் பெலொப்பொனீஸ், ஆட்டோஸ் என்றால் கெஃபலோனியா, இடிஸ், ஓக்லு என்றால் சின்ன ஆசியா, அதாவது இன்றைய துருக்கிப் பக்கம். சஃபெண்டாஸின் அப்பா வீட்டுப் பெயர்கூட சஃபண்டாகிஸ்தான், மகனிடம் வரும்போது கிரீட் வால் அறுந்துபோயிருக்கிறது. அட்டவணையில் நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள்.

நடுவில் இருக்கிற பெயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிரேக்கக் காகிதத்தில் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் வருவது அப்பா பெயர், நம் இன்ஷியல் மாதிரியேதான். இன்னும் ஒன்று, மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். நாமும் அப்படித்தானே, பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. அதனால் மருமகளிடம் கேளுங்கள்: நிக் தாத்தாவின் மூத்த மகன் பெயர் என்ன? அது டிமிட்ரி என்றால் நிக்கின் அப்பா பெயரும் டிமிட்ரியாக இருக்கலாம். இது உறுதியான சாட்சி ஆகாது, ஆனால் ஒரே குடும்பப் பெயரில் மூன்று நிக்கோலாவோஸ்கள் வந்து நிற்கும்போது உங்களவர் யார் என்று பிரித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கடைசியாகக் கோயில். ஆப்பிரிக்கா முழுதும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோயில்கள் அலெக்சாண்ட்ரியா தலைமைப் பீடத்தின் கீழ் வருபவை. நிக் இங்கே வந்து கல்யாணம் செய்தவர் என்றால் கல்யாணப் பதிவேட்டை ஜோஹன்னஸ்பர்க் கோயிலில் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அதில் மாப்பிள்ளைத் தோழர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கும்பாரோஸ் என்பார்கள், நம் மாப்பிள்ளைத் தோழனைவிட நெருக்கமான உறவு அது, பிறகு பிள்ளைக்கு ஞானத்தகப்பனாகவும் அவரே நிற்பது உண்டு. அநேகமாக ஒரே ஊர்க்காரராக இருப்பார். நிக்கின் ஊர் கிடைக்காவிட்டாலும் கும்பாரோஸின் ஊர் கிடைக்கலாம்.

ஊர் தெரிந்துவிட்டால் பாதிக்கு மேல் முடிந்தது. கிரேக்க நகராட்சிகளில் குடும்பப் பதிவேடு உண்டு, ராணுவச் சேவைக்காக ஆண் பிள்ளைகளைப் பிறந்த வருஷப்படி எழுதிய பதிவேடு தனியாக உண்டு, அப்பா பெயரோடு. அரசு ஆவணக் காப்பகத்துக்கும் மாவட்டந்தோறும் கிளைகள் இருக்கின்றன. மருமகளைக் கிரேக்க மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், அவளுக்கு எழுத வராவிட்டால் கோயிலில் யாராவது எழுதித் தருவார்கள்.

என் அப்பா டர்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தெருமுனையில் இருந்த ஒரு டீ ரூமில் பக்கவாட்டு ஜன்னலில் நின்றுதான் ரொட்டி வாங்குவார், உள்ளே போக முடியாது. அந்த முதலாளிக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, அப்பாவுக்கும் வராது, ரெண்டு பேரும் ஜூலுவில் பேசிக்கொள்வார்களாம். அவரும் கப்பலில் வந்தவர்தான் என்று அப்பா சொல்வார், ஜன்னலை மறந்து சொல்ல மாட்டார். கலப்புத் திருமணத் தடைச் சட்டம் 1949-லிருந்து 1985 வரை இருந்த நாட்டில் உங்கள் பேத்தி ரெண்டு கப்பல்களின் பெயரையும் ஒரே தாளில் எழுதப் போகிறாள். அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதினேன்.

கேள்வி: மண்டேலாவின் வக்கீல் ஜார்ஜ் பிசோஸ் அகதியாக டர்பனில் இறங்கினார் என்கிறார்களே, உண்மையா? போர்க்காலத்தில் அப்படி வந்தவர்களுக்குப் பட்டியல் உண்டா?
— வாசகர், லெனேசியா

பதில்: உண்மைதான் தம்பி. தென் கிரீஸில் வசிலிட்சி என்கிற கிராமம் அவர் ஊர், அவர் அப்பா அங்கே ஊர்த் தலைவராக இருந்தவர். 1941-ல் ஜெர்மானியர் கிரீஸைப் பிடித்தபோது ஏழு நியூசிலாந்து சிப்பாய்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். அப்பாவும் பையனும் அவர்களைச் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு கிரீட்டை நோக்கிக் கிளம்பினார்கள், நடுக்கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிம்பர்லி அவர்களைத் தூக்கிக்கொண்டது. அங்கிருந்து அலெக்சாண்ட்ரியா, அப்புறம் இல் த ஃபிரான்ஸ் என்கிற பெரிய கப்பலில் டர்பன். பதின்மூன்று வயதுப் பையன். ஜோஹன்னஸ்பர்க்கில் கிரேக்கர் கடையில் வேலைக்கு நின்றவர் படித்து வக்கீலாகி, 1963–64 ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் வாதாடினார். 2020 செப்டம்பரில் காலமானார்.

போர்க்காலத்தில் கப்பல் வருவதும் போவதும் ரகசியம், பத்திரிகையில் போட மாட்டார்கள். அதனால் 1939 முதல் 1945 வரை வந்த குடும்பத்துக்கு நான் மேலே சொன்ன பத்திரிகை வழி உதவாது. உள்துறையின் அகதி, அந்நியர் கோப்புகளில் தேடுங்கள். வந்தது குழந்தையாக இருந்தால் அப்பா பெயரில் தேடுங்கள், குழந்தைக்குத் தனிக் கோப்பு இருக்காது.

கேள்வி: எச்சிலைக் குப்பியில் அனுப்பி டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் ஊர் தெரிந்துவிடுமா? கோப்பு, கோயில் என்று அலைய வேண்டாமே?
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ஊர் தெரியாது. ஏஜியன் பக்கம், தென்னிந்தியப் பக்கம் என்கிற அளவுக்குச் சொல்லும். அதே பரிசோதனையைச் செய்த ஒரு தூரத்துச் சொந்தம் ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ இருந்து, அவர்கள் வீட்டில் ஊர்ப் பெயர் தெரிந்திருந்தால் உங்களுக்கு லாபம். கோப்பைப் பார்த்துவிட்டு அதையும் செய்யுங்கள்.

கேள்வி: சாட்ஸ்வொர்த் அம்மா மாதிரியே எங்களுக்கும் ஒரு கிரேக்கச் சம்பந்தம். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு போட்டோ, பின்னால் கிரேக்கத்தில் ரெண்டு வரி. படிக்க யாரும் இல்லை. அதிலிருந்து ஏதாவது தெரியுமா?
— வாசகி, டொங்காட்

பதில்: நிறையத் தெரியும் அக்கா. முதலில் அட்டையின் அடிப்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். அலெக்சாண்ட்ரியா என்றோ போர்ட் செய்த் என்றோ இருந்தால் கப்பல் ஏறிய வழி கிடைத்த மாதிரி.

எழுத்தை நீங்களே கொஞ்சம் படிக்கலாம். பீட்டர் என்று எழுதுகிற ஆங்கில பி மாதிரி தெரிவது அங்கே ‘ர’. பாபு என்று எழுதுகிற பி மாதிரி தெரிவது ‘வ’. எச் மாதிரி இருப்பது ‘இ’, எக்ஸ் மாதிரி இருப்பது ‘ஹ’. பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் இதை வைத்துக்கொண்டே ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிவிடலாம். தேதி இருந்தால் ஜாக்கிரதை: கிரீஸ் 1923 மார்ச் வரை பழைய நாட்காட்டியில் இருந்தது, நம் நாட்காட்டிக்கு 13 நாள் பின்னால், 1900 மார்ச்சுக்கு முந்தைய தேதி என்றால் 12 நாள். 1900-க்குப் பிறகு, லீப் வருஷம் இல்லாவிட்டால், ஊரில் பிப்ரவரி 20 என்று தேதி போட்ட கடிதம் டர்பன் கணக்குப்படி மார்ச் 5 அன்று எழுதியது. பிறந்த நாள் ஒரு காகிதத்தில் ஒரு தேதி, இன்னொன்றில் வேறு தேதி என்று குழம்புகிற குடும்பங்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

குடும்பத்தில் அவர் கல்லறை எங்கே என்று யாருக்காவது தெரிந்தால் அதையும் போய்ப் பாருங்கள். கிரேக்கக் கல்லறைக் கல்லில் பிறந்த ஊரைச் செதுக்கிவைப்பது உண்டு, சிலதில் போட்டோவும் பதித்திருப்பார்கள். இந்த நாட்டு வம்சாவளி ஆர்வலர்கள் கல்லறைக் கற்களைப் படம் எடுத்து இணையத்தில் சேர்த்து வருகிறார்கள், அங்கேயும் ஒரு முறை தேடலாம்.

போட்டோவின் பின்பக்கத்தை மட்டும் வெளிச்சமான இடத்தில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பென்சில் எழுத்தாக இருந்தால் மேலே பேனாவால் ஓட்டிவிட வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். கோயிலில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி இருக்கிறார், பழைய கையெழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடகடவென்று படித்துவிடுவார், அவரிடம் காட்டிவிட்டு எழுதுகிறேன்.